மாட வீதியில் கம்ப்யூட்டர் புறப்பாடு

முதலில் சத்தியம். கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் எத்தனை மீன் உண்டோ அத்தனை தடவை சத்தியம். இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தது. ஒரு வரியாவது பொய் என்று நிரூபிக்கிறவர்களுக்கு ஜானு அக்கா கையால் வைத்த வத்தக்குழம்பு மூன்று வேளை பரிமாறப்படும். அதைச் சாப்பிட்டவர்கள் யாரும் அப்புறம் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த சூடாமணி, ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, தி. நகரில் ஒரு மாடியில் மூன்று மாதம் உட்கார்ந்து இன்டர்நெட்டில் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் காலேஜ் பசங்கள். இவளுக்கு முப்பத்தொன்பது. முதல் மார்க்கு வாங்கிய சான்றிதழோடு படியிறங்கும்போது வாத்தியார் ஒன்று சொல்லி அனுப்பினார்.

“மேடம், இங்கே சொல்லிக் குடுத்தது வெறும் அரிச்சுவடி. இனிமே நிஜமான ஒருத்தருக்கு நிஜமான ஒரு பக்கம் பண்ணிக் குடுங்க. அப்பத்தான் உங்களுக்கு என்னென்ன தெரியாதுன்னு தெரியும்.”

அந்த நிஜமான ஒருத்தர் கிடைத்தார். ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீன் பாய். அவருடைய மகள் வஜீஹாவுக்கு வகுப்பில் சூடாமணியின் பக்கத்து நாற்காலி. இரண்டு பேரும் கூட்டாகச் சேர்ந்து கடைக்குப் பக்கம் தயார் செய்தார்கள். சிங்கப்பூரில் இதே வியாபாரம் செய்கிற பாயின் அண்ணன் கரீமுல்லா ஊருக்கு வந்திருந்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் பக்கத்தைப் பார்ப்பார். பிடித்துவிட்டால் இரண்டு கடை வேலையும் இவர்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் ஏசி போட்ட கம்பெனி ஒன்று நுங்கம்பாக்கத்தில் காத்திருக்கிறது. ஆறு மணிக்கு மனிதர் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அதே வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் சூடாமணி பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் திரும்பி வருகிறாளா, அல்லது அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாமா என்று.

அந்த வியாழக்கிழமையும் வந்தது. அவர்கள் குடியிருந்த மயிலாப்பூரில் அன்றைக்கு அறுபத்து மூவர் உற்சவம், நாயன்மார்கள் அத்தனை பேரும் பல்லக்கில் மாட வீதி வரும் நாள்.

சூடாமணியின் கணவன் கிச்சாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க் உத்தியோகம். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு இரண்டு விஷயம் தெரியும். அதைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். அதன் மேல் காபி டம்ளர் வைக்கக் கூடாது. இதற்கு மேல் அவன் தெரிந்துகொள்ள முயன்றதில்லை. அதுதான் சூடாமணிக்குத் தெரிகிறதே!

அவள்மேல் அவனுக்கு இருந்த மதிப்பு சும்மா வந்ததில்லை. மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் சூடாமணி, எழுத்து கண் சிமிட்டும்படி ஒரு வரி எழுதினாள். எழுதி முடித்த நிமிஷம், அந்தச் சந்தில் இருந்த ஏழு வீட்டு ட்யூப்லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டின. ஸ்டார்ட்டர் பழசாகிவிட்டது என்றார் எதிர்வீட்டுக்காரர். ஏழு ஸ்டார்ட்டரும் ஒரே நிமிஷத்திலா பழசாகும்? அவள் அந்த வரியை அழித்தாள். ஏழும் ஒழுங்காக எரிந்தன. கிச்சா இதைக் கண்ணால் பார்த்தான்.

வகுப்பு முடிந்த மறுநாளே அவள் புது நோட்டு ஒன்று போட்டாள். அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருவாள். எந்தெந்த தேசத்துக்காரனோ செய்து வைத்த பக்கங்களை உள்ளே பிரித்துப் பார்த்து, எதை எங்கே எப்படிப் போட்டிருக்கிறான் என்று குறித்துக்கொண்டு வருவாள். ஹோட்டல் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அதில் போட்ட ஒன்பது சாமானையும் சொல்லுகிறவள் அவள். ‘அந்த நாக்கு அவளுக்குக் கண்ணுலயும் இருக்கு’ என்று கிச்சா ஆபீசில் சொல்லி, கேஷியர் முதல் பியூன் வரை எல்லோரும் இப்போது சூடாமணியை விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆகவே வியாழக்கிழமை கேஷுவல் லீவு. காலை ஒன்பது மணிக்குச் சூடாமணி, பக்கத்தை ஏற்றிய ஃப்ளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டை போனாள். அவசரம் என்றால் ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமே என்று கிச்சா டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

“ஏண்டா கிச்சா, பொண்டாட்டி வேலைக்குப் போறா. நீ லீவு போட்டுண்டு ஆத்துல உக்காந்துண்டிருக்கே. இதுக்குப் பேர் என்ன?” என்றாள் ஜானு அக்கா. கிச்சாவின் தமக்கை. இரண்டு வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள்.

“ஒத்தாசை.”

“நான் வேற பேர் வெச்சிருக்கேன். வாயால சொல்ல மாட்டேன்.”

“சொல்லேன், கேப்போம்.”

“பதினாலு வருஷம் மணியடிச்சாப் போனா, மணியடிச்சா வந்தா. ஊர்ல டீச்சர்னு மரியாதை. அதை விட்டுட்டு அத்தர் விக்கறதுக்குப் பொட்டி தட்டப் போறாளாம். ஜூன்ல ஒழுங்காப் பள்ளிக்கூடம் போகச் சொல்லு.”

கிச்சா வாய் திறப்பதற்குள் டெலிபோன் அடித்தது. மணி ஒன்று.

“ஏன்னா, படமே வரலை.” சூடாமணியின் குரல் அப்படிக் கம்மி அவன் கேட்டதில்லை.

“எந்தப் படம்?”

“எல்லாப் படமும். அத்தர் குப்பி, கடை வாசல், பாயோட தாத்தா, ஒண்ணும் வரலை. எழுத்தெல்லாம் ஜம்முனு வர்றது. படம் இருக்க வேண்டிய எடத்துல காலிக் கட்டம். அதுக்குள்ள சிவப்பா ஒரு பெருக்கல் குறி. நாப்பத்தோரு பெருக்கல் குறி, ஏன்னா! என் பசங்க கணக்கு நோட்டுல கூட நான் அத்தனை போட்டதில்லை.”

“நேத்திக்கு நம்மாத்துல எல்லாம் தெரிஞ்சுதே?”

“அதான் புரியலை. நம்மாத்துல தெரியறது, இங்கே தெரியலை. என்னமோ நம்மாத்து கம்ப்யூட்டரையே தேடிண்டு நிக்கற மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம்...”

“புரிஞ்சுடுத்து,” என்று சொல்லி கிச்சா டெலிபோனை வைத்துவிட்டான்.

அவனுக்குப் புரிந்தது இதுதான். படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கடையில் அதைத் தேடுகிறார்கள். தேடுகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே முறை?

வயர்களைப் பிடுங்கினான்.

“டேய், டேய்! என்னடா பண்றே?” என்று ஓடி வந்தாள் ஜானு.

“ராயப்பேட்டைக்கு எடுத்துண்டு போறேன்.”

“வாசல்ல எள்ளுப் போட்டா எள்ளு விழாது. இன்னிக்கு ஆட்டோவும் வராது, சைக்கிளும் வராது. தோள்ல தூக்கிண்டா போவே?”

“தோள்லதான்.”

“போகாட்டா என்ன? படம் தெரியாட்டா அவ ஜூன்ல பள்ளிக்கூடம் போவா. நான் அதைத்தானே சொல்லிண்டிருக்கேன்.”

“போகட்டும் அக்கா. ஆனா தோத்துப் போய்ப் போவா. அதை நான் பாத்துண்டு இருக்கணுமா?”

ஜானு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்த நேரம் மொத்தம் பதினோரு வினாடி. இது வரைக்கும் அந்த வீட்டில் அதுதான் அதிகம். பிறகு உள்ளே போனாள். தன் கல்யாணத்துக் கூறைப்புடவையை, அரக்கு நிறம், ஒன்பது கஜம், எடுத்துக்கொண்டு வந்தாள்.

“போர்வைல கட்டினா வழுக்கும். பட்டுன்னா பிடிச்சுண்டு நிக்கும். நகரு.”

அவள் இறுக்கிக் கட்டியதில் பெட்டி ஒரு அங்குலம் இளைத்தது. ஜரிகைக் கரை முன்னால் வரும்படி மடித்து, முடிச்சை உள்ளே சொருகி, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று உச்சியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். கிச்சா அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்திலிருந்து தெற்கு மாட வீதிக்கு வந்தான்.

அங்கே ஒன்றரை லட்சம் பேர் நின்றிருந்தார்கள். மாடியிலிருந்து எண்ணியவர் சொன்ன கணக்கு ஒன்றரை லட்சத்து நாற்பது.

மஞ்சள் துண்டு கட்டிய தொண்டர் ஒருவர்தான் முதலில் பார்த்தார். பட்டு, ஜரிகை, குங்குமம், தோளில் பவ்யமாகச் சுமந்து வரும் ஆள்.

“சாமி வருது! வழி விடுங்க, வழி விடுங்க!”

“சார், இது சாமி இல்லே. கம்ப்யூட்டர்.”

“அப்படியெல்லாம் சொல்லப்படாது சார்,” என்று தொண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் பிரிந்தது. காலையிலிருந்து பிரியாத கூட்டம், கல்கண்டைக் கண்ட எறும்பு வரிசை மாதிரி இரண்டு பக்கமும் ஒழுங்காக ஒதுங்கியது.

“அறுபத்து மூணு பேர்ல இவர் யாரு?” என்றாள் ஒரு மாமி.

“இவர் புதுசு போலிருக்கு,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அப்போ அறுபத்து நாலா?”

“இந்த வருஷத்துலேர்ந்து.”

மாமி உடனே கர்ப்பூரம் கொளுத்திவிட்டாள். ஒருவர் தேங்காய் உடைத்தார். எங்கிருந்தோ ஒரு ரோஜா மாலை வந்து விழுந்தது. நாயனக்காரர்கள் இரண்டு பேர், வேறு பல்லக்குக்காகக் காத்திருந்தவர்கள், ‘இதுக்கு யாரும் வாசிக்கலியே’ என்று இரக்கப்பட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர்ப் பந்தல் ஒன்று விடாமல் கிச்சாவை நிறுத்தினார்கள். இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்ததால் வேண்டாம் என்று சைகை காட்டவும் வழியில்லை. வாயில் ஊற்றினார்கள். குளக்கரை திரும்புவதற்குள் பதினேழு டம்ளர் நீர்மோர், ஆறு பானகம். சட்டைப் பையில் சுண்டல் யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

லஸ் முனையில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது.

“இன்னா சார், சாமிய நீ மட்டும் தனியாத் தூக்கினு வந்துட்ட? அங்க தேட மாட்டாங்களா?”

“சாமி இல்லேப்பா, கம்ப்யூட்டர். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி போகணும்.”

“கம்ப்யூட்டருக்கு உடம்பு செரி இல்லியா? அதுக்குப் போயி மாலை போட்டு கீறாங்க. பொழைக்கிற கேசுன்னா மாலை போட மாட்டாங்க நைனா.”

“ஓட்டுப்பா. நாலு மணிக்குள்ள போகணும்.”

“குந்து. ஆனா மீட்டர் போட மாட்டேன். சாமி குத்தம் ஆயிடும்.”

“நீங்க என்னிக்குத்தான் மீட்டர் போட்டேள்?”

“அது வேற விசயம் சார். அத்த ஏன் இப்ப பேசிக்கினு.”

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ கடை வாசலில் நின்றது.

ஷரஃபுதீன் பாய் மாலையும் பட்டுமாக வந்து இறங்கிய கிச்சாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கல்லாவின் மேல் இருந்த குப்பிகளை ஒதுக்கி இடம் செய்தார். பெரிய மனிதர். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் கரீமுல்லா வெள்ளை ஜிப்பாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சூடாமணி. கொண்டையில் பென்சில். வெளியுலகம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாத முகம்.

“பாக்கலாங்களா மேடம்? எனக்கு நேரமாகுது,” என்றார் கரீமுல்லா.

கிச்சா பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்தான். சூடாமணி பட்டனைத் தட்டினாள். இரண்டும் ஒரே சமயம்.

படம் வந்தது.

ஒரேயடியாக வரவில்லை. அந்தக் காலத்து ஜவுளிக் கடைக்காரர் துணியை உருட்டி விரிப்பதுபோல மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் ஒரு குல்லா. பிறகு நெற்றி. பிறகு இரண்டு கண். பிறகு வெண்தாடி. கடையை ஆரம்பித்த தாத்தா.

கரீமுல்லா எழுந்து நின்றுவிட்டார்.

“மாஷா அல்லாஹ்! நாப்பது வருஷமா இந்தப் படம் அந்தச் சுவத்துல தொங்குது. ஒரு நாளாவது நான் நிமிர்ந்து பார்த்தேனான்னு கேளு. இன்னிக்கு அவரு என்னை நேருக்கு நேரே பாக்குறாரு.”

அடுத்தது ரோஜா அத்தர் குப்பி. அது முழுதாக இறங்கிய நிமிஷம் கடை முழுக்க ரோஜா மணந்தது. அத்தர் கடையில் அத்தர் மணப்பது என்ன அதிசயம் என்று கேட்கலாம். மல்லிகைக் குப்பி படம் வந்ததும் ரோஜா நின்று மல்லிகை மணந்ததே, அதற்கு என்ன பதில்? நாற்பத்தோரு படமும் வந்தன. சிவப்புக் குறி ஒன்றுகூட இல்லை.

கிச்சா மூச்சு வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். வஜீஹா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வயிற்றில் இடம் இல்லை. மரியாதைக்கு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அங்கிள், நீங்க போனை வெச்சதும் ஆன்ட்டி பத்து நிமிஷம் பக்கத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு முறைச்சுப் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் திடீர்னு சிரிச்சாங்க.”

“சிரிச்சாளா?”

“ஒவ்வொரு படத்துக்கும் அது எங்கே இருக்குன்னு அட்ரஸ் எழுதணும் அங்கிள். ஆன்ட்டி உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல அது எந்த மூலையில இருக்கோ, அந்த அட்ரஸை எழுதிட்டாங்க. எங்க கம்ப்யூட்டருக்கு உங்க வீட்டை எப்படித் தெரியும்? படமெல்லாம் நான்தானே ஸ்கேன் பண்ணேன், என் ஃப்ளாப்பியில இருந்துச்சு. அதை இங்கேயே பக்கத்துல போட்டுட்டு, நாப்பத்தோரு வரியையும் ஒண்ணு ஒண்ணா மாத்தி எழுதினாங்க. கடையில கூட்டம், அத்தா சத்தம், போன் சத்தம். ஒரு எழுத்து தப்பு விடல. சோறு அப்படியே இருக்கு பாருங்க.”

“வகுப்புல இதைச் சொல்லித் தரலியா?”

“அங்கே எழுதறதும் அதே கம்ப்யூட்டர், பாக்கறதும் அதே கம்ப்யூட்டர். அதனால தப்பு பண்ணாக்கூட சரியாத்தான் தெரியும்.”

கிச்சா உள்ளே பார்த்தான். பதினாலு வருஷம் பிள்ளைகளின் தப்பைக் கண்டுபிடித்தவள், இன்று தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, அதைத் திருத்தி, அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நிற்கிறாள். கையிலிருந்த தண்ணீரைப் படியில் வைத்தான்.

“எல்லாம் சரிம்மா. ஆனா பொட்டி வந்தப்புறம்தானே படம் வந்தது?”

வஜீஹா ஆன்ட்டியைப் பார்த்தாள்.

அப்போதுதான் சூடாமணி அவனைப் பார்த்தாள். மாலை, பட்டு, நனைந்த சட்டை, பையில் சுண்டல். நேராகக் கல்லாவுக்கு வந்தாள். பட்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தாள். பிறகு இழுத்து மூடி, கரையைப் பழையபடி உள்ளே சொருகினாள்.

“நல்ல வேளை கொண்டு வந்தேள்,” என்றாள். “இல்லேன்னா தவிச்சுப் போயிருப்பேன்.”

கரீமுல்லா அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “மேடம், எல்லாம் சரி. சிங்கப்பூர்ல ஒருத்தர் இதைப் பாக்குறாரு. ரோஜா ரெண்டு குப்பி வேணும்னு இந்தப் பக்கத்துலயே எழுதி ஒரு பட்டனைத் தட்டினா எங்களுக்கு வந்து சேருமா?”

“சேரும்,” என்றாள் சூடாமணி. “அடுத்த வியாழக்கிழமை பண்ணிக் குடுத்துடறோம்.”

“அப்ப நுங்கம்பாக்கத்துக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடு ஷரஃபு. ரெண்டு கடையும் இவங்களே பாக்கட்டும்.”

வஜீஹா சூடாமணியின் முழங்கையைக் கிள்ளினாள். “ஆன்ட்டி! பட்டனைத் தட்டினா அது எங்கே போகும்? யார் வாங்கி வெப்பாங்க? நமக்கு அதை நடத்தவே இல்லியே!”

“எனக்கும் தெரியாது.”

“பின்னே?”

“ஏழு நாள் இருக்கே.”

சொல்லிவிட்டு, பாயிடம் கேட்டுக்கொண்டு டெலிபோனை எடுத்துப் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டாள். மணி நாலு நாற்பது.

“மேடம், சூடாமணி பேசறேன். ஜூன்ல நான் வரலை... ஆமாம், நன்னா யோசிச்சுட்டுத்தான்... எட்டாங்கிளாஸ் கணக்குக் குறிப்பெல்லாம் பச்சை அட்டைல இருக்கு. புதுசா வர்றவாகிட்டக் குடுத்துடுங்கோ. அந்தக் குழந்தைகளுக்குப் பின்னம்தான் கொஞ்சம் தகராறு.”

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. கிச்சா பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

போகும்போது கரீமுல்லா, பட்டுச் சுற்றிய பெட்டிக்கு அருகில் நின்று, ஜிப்பாப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து அதன் மேல் அகில் மணக்கும் ஊத் அத்தர் இரண்டு சொட்டு தெளித்தார். “நல்ல பொட்டிங்க. பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க,” என்றார். கிச்சா பத்திரமாகத்தான் எடுத்துப் போனான்.

ஒரு விவரம் மட்டும் பாக்கி. கம்ப்யூட்டர் என்பது இரண்டு பெட்டி. எழுதியதையும் படங்களையும் உள்ளே வைத்துக்கொண்டிருப்பது ஒன்று, அதை வெறுமனே கண்ணாடியில் காட்டுவது ஒன்று. கிச்சா அன்று ராயப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனது கண்ணாடிப் பெட்டி.